மூடிக்கிடக்கும் வீட்டுக்கு யார் துணை?

மலேசியாவின் கடலோர ஊரான மெர்சிங்குக்கு வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கண்ணெல்லாம் தியோமான் தீவின் மேல்தான். ஆற்றின் முகத்துவாரம் ஆழம் குறைந்தது; கடல் ஏற்றத்தைப் பார்த்துத்தான் ஃபெரி புறப்படும். காத்திருக்கும் பயணிகளில் சிலர் இரவு தங்கியே ஆக வேண்டும். இப்படிப்பட்ட ஊரில் ஒரு பழைய கடைவீடு பூட்டிக் கிடந்தால் அதை விடுதியாக்கலாம் என்பதே என் கட்சி. ஆனால் முதலில் கட்டடம், பிறகுதான் கட்டில்.

இதற்குப் பினாங்கில் சான்று இருக்கிறது. ஏழையாகத் தென்கிழக்காசியாவுக்கு வந்து பெருவணிகரான சியோங் ஃபாட் சீ, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜார்ஜ்டவுனில் கட்டத் தொடங்கிய நீல மாளிகையில் 38 அறைகள், 5 முற்றங்கள். அவர் 1916இல் இறந்தார். கடைசி மகன் காலமாகும்வரை வீட்டை விற்கக்கூடாது என்பது அவர் எழுதிவைத்த உயில். அந்த மகன் 1989இல் மறைந்தபோது மாளிகை வாடகைக் குடித்தனங்களோடு சிதைந்து நின்றது. வாங்கியவர்கள் மரபுக் கட்டடங்களில் அக்கறை உள்ளவர்கள். சிமெண்டைப் பூசி மறைக்காமல், ஈரத்தை வெளியே விடும் சுண்ணாம்பையும் அவுரி நீலத்தையும் கொண்டே சுவர்களை மீட்டார்கள். கூரையில் பீங்கான் சில்லுகளை வெட்டி ஒட்டும் வேலைக்குச் சீனாவிலிருந்து கைவினைஞர்கள் வந்தார்கள். 2000இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. இன்று பராமரிப்புக்குப் பணம் தருவது விடுதி. செட்டிநாட்டில் மலாயாப் பணமும் பர்மாப் பணமும் எழுப்பிய வீடுகளோ பங்காளிகள் பலருக்குச் சொந்தம். ஓடு மாற்றக்கூட எல்லாரும் ஒத்துவர வேண்டும். அங்கும் விடுதியானதால் பிழைத்த மாளிகைகள் உண்டு.

காசுள்ளவர்கள்தானே உள்ளே போக முடியும் என்பார்கள். நீல மாளிகையில் தங்காதவர்களும் கட்டணம் செலுத்திச் சுற்றிப்பார்க்கலாம். இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: குடியிருந்தவர்கள் என்ன ஆனார்கள்? 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, 1999 முடிவில் பாதுகாப்பு விலகியதும் ஜார்ஜ்டவுனின் ஏழைக் குடும்பங்கள் பல வெளியேறின. அந்த இழப்பை எந்த விருதும் ஈடுசெய்யாது. ஆளிருக்கும் வீட்டைக் காலிசெய்து விடுதியாக்குவதை நான் ஏற்கமாட்டேன். நான் வாதாடுவது ஆளற்ற வீட்டுக்காக.

மெர்சிங் பினாங்கு ஆகாது என்பதும் உண்மைதான். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் தீவுப் போக்குவரத்து ஏறக்குறைய நின்றுவிடும். விடுதியை மட்டும் நம்பினால் கையைச் சுடும். எனவே கீழ்த்தளம் ஊர்க்காரர்கள் வந்துபோகும் சாப்பாட்டுக் கடையாகவோ மளிகைக் கடையாகவோ இருக்கட்டும். மாடியில் நாலைந்து அறைகள் போதும். மழைக்காலத்துக் கூரைச் செலவை அந்தக் கடை வாடகை தாங்கும்.