பாகப் பத்திரத்தில் விடுபட்ட பெயர்

தாம்பரத்தை அடுத்த நம் பங்கில், ஏற்றுமதிச் சரக்குகளுக்கு மரப்பெட்டி செய்து கொடுக்கும் உடன்பிறந்தார் இருவர் ஒருநாள் நம்மிடம் வந்தனர். தந்தை ஓலைக் கொட்டகையில் தொடங்கிய தொழில். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஆலைகள் பெருகப் பெருக அதுவும் வளர்ந்தது. வளர்ந்தபின் கணக்கில் ஐயம் புகுந்தது. "ஃபாதர், நீங்களே பிரித்துக் கொடுங்கள்" என்றார் இளையவர்.

லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரம் நம் நினைவுக்கு வந்தது. சொத்தைப் பிரித்துத் தரக் கேட்டவனுக்கு ஆண்டவர் நடுவராக இசையவில்லை. பேராசையைக் குறித்தே எச்சரித்தார். அவர் மறுத்த இருக்கையில் நாம் அமர்வதெப்படி?

பிரிவதே பாவம் என்று நாம் கருதவில்லை. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் மதுரையில் தொடங்கிய குடும்ப நிறுவனம், பேருந்து, உதிரிபாகம், நிதி, இருசக்கர வாகனம், சரக்குப் போக்குவரத்து எனக் கிளைத்தது. 2020 டிசம்பரில் அக்குடும்பத்தார், எந்தக் கிளை எந்த நிறுவனத்தை நடத்துகிறதோ அதற்கே உரிமையும் சேரட்டும் என ஒப்பந்தம் செய்தனர். சரக்கு நிறுவனமான டி.வி.எஸ். சப்ளை செயின் சொல்யூஷன்ஸ் 2023 ஆகஸ்டில் பங்குச் சந்தைக்கும் வந்தது. பேசிப் பிரிவதும் ஓர் அறமே.

நம் சகோதரர் நீட்டிய வரைவுப் பத்திரத்தில் மனை, அறுவை இயந்திரம், சரக்கு வண்டி, மரத்தைச் சூடேற்றும் அறை எல்லாம் இருந்தன. அவ்வறையில் மரத்தின் உட்பகுதி 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் நின்றால்தான் அயல்நாட்டுத் துறைமுகங்கள் பெட்டியை ஏற்கும். அந்தச் சூட்டைக் காத்து 22 ஆண்டுகள் உழைத்த பெரியவர் பத்திரத்தில் இல்லை. அவருடைய பணிக்கொடை யார் பொறுப்பு என்று கேட்டோம். அண்ணன் தம்பியைக் காட்டினார். தம்பி அண்ணனைக் காட்டினார். அன்று அவர்கள் ஒத்துப்போனது அவ்வொன்றில்தான்.

மூலதனத்தைவிட உழைப்புக்கே முதன்மை என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் மனித உழைப்பைப் பற்றிய சுற்றுமடலில் கற்பித்தார். குருமடத்தில் அதைத் தேர்வுக்காகப் படித்தோம். அன்றுதான் அதன் பொருள் நமக்கு விளங்கிற்று. "முதலில் அவருக்குரியதை எழுதுங்கள், பிறகு உங்களுக்குரியதைப் பேசலாம்" என்று அனுப்பினோம்.

மறுவாரம் பத்திரத்தில் ஒரு பத்தி கூடியிருந்தது. தொழிலாளர் நிலுவை முன்னே, பங்குகள் பின்னே. உடன்பிறந்தார் இன்றும் திருப்பலியில் எதிரெதிர்ப் பக்கங்களில்தான் அமர்கின்றனர். அந்த மனத்தாங்கலைத் தீர்க்க நம்மால் இயலவில்லை.

பாகம் பிரிக்கும் நாள் நம் இல்லங்களுக்கும் வரும். கையெழுத்திடுமுன், நம் செல்வத்தைச் சுமந்தவர் யாருடைய பெயர் விடுபட்டது என்று ஒருமுறை பார்ப்போம்.