மிதிவண்டிக்கும் ஒரு படி

விடியற்காலையில் சிவகாசி, சாத்தூர் சாலைகளில் நாம் அன்றாடம் காண்பவை, ஊர் ஊராய் நின்று ஆட்களை ஏற்றிச் செல்லும் பட்டாசு ஆலை வண்டிகள். வண்டியைத் தவறவிட்டால் அன்றைய கூலியும் தவறும். நண்பகலில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சேதி வந்தாலும், மாலை வண்டிக்காகத் தாய் காத்திருக்க வேண்டும்.

பெல்ஜியத்தில் மிதிவண்டியில் பணிக்குச் செல்வோர்க்கு நிறுவனங்கள் கிலோமீட்டர் கணக்கில் படி வழங்குகின்றன. செல்வ நாட்டுக் கதையென்று தள்ளிவிட வேண்டாம். 1990-களின் தொடக்கத்தில் நம் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்பித்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், வண்டி வாங்க வங்கிக் கடன் கிடைக்கச் செய்தார். ஏளனப் பேச்சுகளுக்கிடையே கல்லுடைக்கும் பெண்களும் மிதித்துச் சென்றனர். அவர்கள் பெற்ற பெரும் பரிசு, எவரையும் எதிர்பாராமல் புறப்படும் உரிமையே.

இன்று பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசே மிதிவண்டி தருகிறது. படிப்பு முடிந்தபின் அது திண்ணையோரம் துருப்பிடிக்கலாமா? அருகூர்களிலிருந்து மிதித்து வருவோர்க்கு ஆலைகள் சிறு படியும், நிழலுள்ள நிறுத்துமிடமும் தரட்டும். ஊராட்சிகள் சாலை விளக்குகளைப் பேணட்டும். அந்தத் தாய் நண்பகலிலேயே வீடு திரும்ப வழி பிறக்கும். சிந்திப்போம்.