பத்து நிமிடம் இருபது விநாடி

பேத்தி தீயணைப்புப் படையில் சேரப் போகிறாள் என்று மகள் போனில் சொன்னபோது அவள் குரலே சரியில்லை. சொந்தக்காரர்கள் எல்லோரும் "இந்த வேலை எதற்கு?" என்றுதான் கேட்டார்களாம். எனக்கு வாயில் வந்தது, "பரீட்சை எப்படி இருக்கும்?" என்பது. ஆள் எடுக்கும் கோப்புகளோடு அரசு அலுவலகத்தில் காலம் தள்ளியவனுக்கு வேறென்ன வரும்!

அந்த வருடம் நான்கு மாதம் கலிபோர்னியாவில் மகள் வீட்டில் இருந்தேன். ஃப்ரீமாண்ட் என்கிற ஊர். காலை நடைக்குப் போனால் நாலு பேராவது தமிழில் நலம் விசாரிப்பார்கள். பேத்திக்கு இருபத்திரண்டு வயது. உயரம் ஐந்தடி மூன்றங்குலம், எடை 56 கிலோ. 2018 நவம்பரில் பாரடைஸ் என்ற மலையூர் எரிந்து 85 பேர் இறந்தார்களே, அந்தப் புகை இவர்கள் ஊர் வரைக்கும் வந்து பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள். அப்போது மனதில் விழுந்தது என்கிறாள். கல்லூரிப் படிப்போடு ஆம்புலன்ஸ் பயிற்சியும் முடித்து வைத்திருந்தாள். பாக்கி இருந்தது உடல்திறன் தேர்வு.

அந்தத் தேர்வுக்கு சி.பி.ஏ.டி. என்று பெயர். தீயணைப்பு வீரர்களின் சங்கமும் தலைமை அதிகாரிகளின் சங்கமும் சேர்ந்து 1990களின் கடைசியில் வகுத்தது. அமெரிக்காவில் பல ஊர்களில் இதில் தேறினால்தான் விண்ணப்பமே போட முடியும். எட்டு வேலைகள், ஒன்றன்பின் ஒன்றாக. எட்டையும் 10 நிமிடம் 20 விநாடிக்குள் முடிக்க வேண்டும். மார்க் கிடையாது, தேறினாய் அல்லது தேறவில்லை, அவ்வளவுதான்.

தொடங்கும்போதே 50 பவுண்டு எடையுள்ள சட்டை ஒன்றை மாட்டி விடுகிறார்கள். நம் கணக்கில் 22.7 கிலோ, ஏறக்குறைய ஒரு சிப்பம் அரிசி. முதல் வேலை படி ஏறுவது. அதற்கு மட்டும் தோளில் இன்னும் 25 பவுண்டு. ஆக 34 கிலோவைச் சுமந்துகொண்டு, ஓடுகிற படிக்கட்டு மிஷினில் நிமிடத்துக்கு 60 படி வீதம் மூன்று நிமிடம் ஏற வேண்டும். நூற்றெண்பது படி. இடையில் இறங்கினால் அங்கேயே தேர்வு முடிந்தது. கைப்பிடியைத் தாங்கலுக்குப் பிடித்தால் இரண்டு முறை எச்சரிக்கை, மூன்றாம் முறை வீட்டுக்கு.

இது முதல் வேலை என்பதில்தான் சூட்சுமம். கால் வெலவெலத்துப் போன பிறகுதான் மற்ற ஏழும். தண்ணீர்க் குழாயைத் தோளில் போட்டு இழுப்பது, இரண்டு ரம்பங்களைத் தூக்கிக்கொண்டு நடப்பது, 24 அடி ஏணியை நிமிர்த்துவது, பத்துப் பவுண்டு சம்மட்டியால் அடிப்பது, இருட்டுச் சுரங்கத்தில் தவழ்வது, 75 கிலோ பொம்மையை 35 அடி இழுத்துப் போய்த் திரும்பவும் 35 அடி இழுத்து வருவது, கடைசியில் நீளக் கொக்கிக் கம்பால் கூரையைக் குத்தி இழுப்பது. ஒரு வேலைக்கும் அடுத்ததற்கும் நடுவே 85 அடி. அங்கே ஓடக்கூடாது, நடக்கத்தான் வேண்டும். மூச்சு வாங்கிக்கொள்ளக் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். ஆனால் கடிகாரம் நிற்காது.

எனக்குக் கிடைத்த உத்தியோகம் கடிகாரம் பிடிப்பது. காரேஜில் ஒரு பலகைப் படி வைத்து எடைச்சட்டையோடு ஏறி இறங்குவாள், நான் எண்ணுவேன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்ததால் எனக்கு எண்ணிக்கை இன்றைக்கும் பிரெஞ்சில்தான் வரும். அறுபது வரை தொல்லையில்லை. எழுபதைத் தாண்டினால் அந்த மொழியில் எண்கள் ரயில் வண்டி மாதிரி நீண்டுவிடும். தொண்ணூற்றொன்பதுக்கு 'கத்ரு வேன் தீஸ் நஃப்' என்று முடிப்பதற்குள் பிள்ளை இரண்டு படி ஏறியிருப்பாள். அதனால் அறுபது அறுபதாக மூன்று தடவை எண்ணுவது என்று ஏற்பாடு செய்துகொண்டோம்.

பொம்மைக்கு எங்கே போவது? இந்தியக் கடையில் வாங்கி வைத்திருந்த இருபது பவுண்டு சோனா மசூரி மூட்டைகளை ஒரு கித்தான் பைக்குள் அடுக்கி, வாரைப் பிடித்து, குனிந்து பின்பக்கமாக நடந்து இழுத்தாள். மூன்றாம் நாள் ஒரு மூட்டை கிழிந்து காரேஜ் முழுக்க அரிசி. மகள் ஒன்றும் பேசாமல் பெருக்கி அள்ளினாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

சுரங்கம் 64 அடி. புகை கிடையாது, ஆனால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. நடுவில் திருப்பங்களும் தடைகளும் உண்டு. பயந்து உதவி கேட்டால் மேலே கதவைத் திறந்து விடுவார்கள், தேர்வும் அதோடு முடியும். சாப்பாட்டு மேஜை, நாற்காலிகள் எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுப் போர்வையால் மூடி, கண்ணைக் கட்டிக்கொண்டு தவழ்ந்து பழகினாள். ஒரு கை சுவரை விடக்கூடாதாம். திசை தப்பினாலும் கை தொட்ட சுவர் வெளியே கொண்டுபோய் விடும் என்றாள்.

ஒருநாள் ராத்திரி மகள் கேட்டாள்: "அப்பா, நீங்களாவது வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நீங்க கடிகாரம் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதைப் பார்த்தா எனக்குத் தாங்கல." என்னிடம் பேத்தி கேட்டது நேரம் பார்க்கச் சொல்லித்தான், யோசனை கேட்கவில்லை என்றேன். இரண்டு நாள் மகள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

மாப்பிள்ளையின் கேள்வி வேறு. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே எடை, ஒரே நேரம், இது என்ன நியாயம் என்றார். அதற்கு ஒரு பழைய கதை உண்டு. நியூயார்க்கில் 1977ல்தான் முதல் முறையாகப் பெண்களைத் தீயணைப்புத் தேர்வு எழுத விட்டார்கள். எழுத்துத் தேர்வில் தேறிய பெண்களில் ஒருவர்கூட உடல்தேர்வில் தேறவில்லை. பிரெண்டா பெர்க்மன் என்பவர், சட்டம் படித்துக்கொண்டிருந்தவர், வழக்குப் போட்டார். அந்தத் தேர்வுக்கும் வேலைக்கும் பொருத்தமில்லை என்று 1982ல் தீர்ப்பு வந்து, நாற்பது பெண்களுக்கு மேல் உள்ளே போனார்கள். பெர்க்மனும் போய், பிறகு கேப்டனாகவே ஓய்வு பெற்றார். ஆகவே கேள்வி எடை ஒன்றா இரண்டா என்பதல்ல; தேர்வில் செய்யச் சொல்வது வேலையில் உண்டா என்பது. மயங்கிக் கிடக்கும் ஆள், இழுக்க வருபவர் பெண் என்று எடை குறைந்துகொள்வாரா?

ஆனால் பழக வாய்ப்புக் கொடுக்காமல் ஒரே அளவு வைப்பது நியாயமாகாது. இந்த சி.பி.ஏ.டி.யிலும் பெண்கள் குறைவாகத் தேறுகிறார்கள் என்று சம வேலைவாய்ப்பு ஆணையம் தலையிட்டு, 2006ல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அதன்படி தேர்வுக்கு முன்பே கருவிகளைத் தொட்டுப் பழக விட வேண்டும், நேரம் வைத்து இரண்டு முறை ஒத்திகை பார்க்கவும் விட வேண்டும். கோப்பு பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அளவைக் குறைக்காமல் வழியை மட்டும் அகலப்படுத்திய நல்ல உத்தரவு இது.

நம் பக்கத்தில் மார்பை நாடாவால் அளப்பார்கள்: 81 சென்டிமீட்டர், மூச்சிழுத்தால் 5 கூட வேண்டும். ஏழு நிமிடத்தில் 1500 மீட்டர் ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும். கயிறும் ஓட்டமும் சரி. நாடா எதை அளக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பாரிஸில் இன்னொரு வகை. அங்கே தீயணைப்புப் படை ராணுவத்தைச் சேர்ந்தது. 1810ல் ஆஸ்திரியத் தூதர் கொடுத்த விருந்தில் தீப்பிடித்துப் பலர் மாண்ட பிறகு, அடுத்த வருடம் நெப்போலியன் ஏற்படுத்தினார். தரையிலிருந்து 2.40 மீட்டர் உயரத்தில் ஒரு பலகை. முழு உடுப்போடு அதைக் கையால் பற்றி, கை பலத்தாலேயே மேலே ஏற வேண்டும். தளம் இடிந்து விழும்போது விளிம்பில் தொங்குகிறவன் தன்னைத் தானே தூக்கிக்கொள்ள முடியுமா என்று பார்க்கிறார்கள். பேத்தியிடம் சொன்னேன். "தாத்தா, அது எனக்கு ஈசி. என் வெயிட்டை நான் தூக்கிடுவேன். இங்கதான் அடுத்தவங்க வெயிட்டையும் சேர்த்துத் தூக்கணும்" என்றாள்.

முதல் ஒத்திகையில் 11 நிமிடத்துக்கு மேல் ஆனது. கால் தாங்கியது, மூச்சும் தாங்கியது. கடைசி வேலையில் கை பிடி விட்டுப்போயிற்று. கூரைப் பலகையை மேலே தள்ள 60 பவுண்டு அழுத்தம், கீழே இழுக்க 80. மூன்று குத்து, ஐந்து இழுப்பு, இப்படி நான்கு சுற்று. கையால் இழுக்காதே, கம்பைப் பிடித்தபடி இடுப்பை இறக்கு, உன் எடையே இழுக்கும் என்று அங்கிருந்த ஒருவர் காட்டிக் கொடுத்திருக்கிறார். ஆனால் அதற்கும் பிடி வேண்டுமே. என் பங்குக்கு ஒன்று சொன்னேன். என் எட்டு முழ வேட்டியை வாளித் தண்ணீரில் முக்கி, சொட்டு இல்லாமல் பிழியச் சொன்னேன். தினம் பத்துத் தடவை. அந்த ஒரு மாதம் என் வேட்டி அமெரிக்காவிலேயே சுத்தமான வேட்டி. இரண்டாம் ஒத்திகையில் 10 நிமிடம் 31 விநாடி.

தேர்வு நாளன்று மகள்தான் காரை ஓட்டினாள். யாரும் சொல்லவில்லை, தானாகச் சாவியை எடுத்தாள். தயிர்சாதம் கட்டியிருந்தாள். நாங்கள் வெளியே காரிலேயே இருந்தோம். ஒரு மணி நேரம் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பேத்தி நடந்து வந்தபோது முழங்கை சிராய்த்திருந்தது, தலைமுடி நனைந்து ஒட்டியிருந்தது. பின்சீட்டில் ஏறி, "பாஸ்" என்றாள். பிறகு தயிர்சாத டப்பாவைத் திறக்க முயன்றாள், விரல் மடங்கவில்லை. மகள் வாங்கித் திறந்து கொடுத்தாள்.

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டாள்.

"ஒன்பது அம்பத்தொண்ணு."

மகள் மனதுக்குள் கழித்துப் பார்த்தாள். "இருபத்தொன்பது செகண்ட்தான் மிச்சமா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "சாப்பிடு, ஆறிடும்" என்றாள். தயிர்சாதம் ஆறுவதாவது! நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை.

இப்போது நாலைந்து ஊர்களுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். ஒரு இடத்தில் நேர்முகம் முடிந்து, வைத்தியப் பரிசோதனைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் ஊருக்குத் திரும்பிவிட்டேன். வேட்டியை அங்கேயே விட்டு வந்தேன். அதைப் பிழிவதை அவள் இன்னும் நிறுத்தவில்லை என்று போன ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னது மகள்.