மெக்நாலி தெரு

தேக்கா சந்தையிலிருந்து புக்கிட் தீமா சாலையையும் ரோச்சோர் கால்வாயையும் கடந்து சில நிமிடங்கள் நடந்தால் மெக்நாலி தெரு வந்துவிடும். அங்கே நிற்கும் லாசால் கலைக் கல்லூரியின் கட்டடம் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இறுகி முகம் காட்டும். சுவர்கள் எல்லாம் கறுப்பு. உள்ளே நுழைந்தால் காட்சி மாறுகிறது. இருபக்கமும் கண்ணாடி, அதற்குப் பின்னால் ஒருவர் நடனம் பழகுவார், இன்னொருவர் ஓவியம் தீட்டுவார். லிட்டில் இந்தியாவுக்கு வாரந்தோறும் வரும் பலருக்கு இந்தத் தெரு தெரியும். அது யாருடைய பெயர் என்று கேட்டால் தயங்குவார்கள்.

ஜோசப் மெக்நாலி அயர்லாந்துக்காரர். மேயோ மாவட்டத்தில் 1923இல் பிறந்தவர். இளம் வயதிலேயே லாசால் சபையில் சேர்ந்து அருட்சகோதரர் ஆனார். அருட்சகோதரர்கள் துறவிகள், ஆனால் குருமார்கள் அல்லர். லாசால் சபையினருக்குக் கற்பிப்பதே வாழ்க்கைப் பணி. ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி தருவதற்காகப் பிரான்சில் 1680இல் தொடங்கிய சபை அது. சிங்கப்பூருக்கு அவர்கள் 1852இல் வந்தார்கள். பிராஸ் பாசா சாலையில் அவர்கள் நடத்திய பள்ளிதான் செயின்ட் ஜோசப்ஸ் கல்வி நிலையம்.

மெக்நாலி 1946இல் சிங்கப்பூர் வந்து அந்தப் பள்ளியில் ஆசிரியரானார். போர் முடிந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை அல்லது அப்போதுதான் ஆகியிருந்தது. ஜப்பானியர் ஆட்சியில் பள்ளியின் பெயர்கூட மாற்றப்பட்டிருந்தது. மூன்றரை ஆண்டுகள் படிப்பை இழந்த பிள்ளைகள், வயதுக்கு மீறிய வகுப்புகளில் அல்ல, வயதுக்குக் குறைந்த வகுப்புகளில் உட்கார வேண்டியிருந்த காலம் அது. மீசை அரும்பிய பையன், தன்னைவிடச் சிறியவர்களோடு அமர்ந்து விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டும். கூச்சமாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் அந்தத் தலைமுறை படித்தது.

அவர்களுக்குப் பாடம் நடத்திய இளைஞரும் படிப்பை நிறுத்தவில்லை. சில ஆண்டுகளில் அவர் மீண்டும் மாணவரானார். டப்ளினில் உள்ள தேசியக் கலைக் கல்லூரியில் ஓவியமும் சிற்பமும் கற்றார். பிறகு மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஆசிரியப் பணி. அது போதும் என்று இருந்துவிடவில்லை. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்து 1972இல் முனைவர் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. தங்கள் ஆசிரியர் விடுப்பு எடுத்துப் படிக்கப் போகிறார், வேறொருவரிடம் பாடம் கேட்கிறார் என்பதைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு, படிப்பு எத்தனை வயதோடு முடியும் என்ற கணக்கு கொஞ்சம் குழம்பித்தான் போகும். அந்தக் குழப்பம் நல்லது.

அவருடைய சிற்பங்களில் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டியது ஒரு வகை மரம். அயர்லாந்தின் சதுப்பு நிலங்களில் செடிகொடிகள் மக்கிக் கெட்டிப்பட்ட கரிமண் உண்டு. அங்குள்ள மக்கள் அதை வெட்டிக் காயவைத்து அடுப்பெரிப்பார்கள். அப்படி வெட்டும்போது சில இடங்களில் மண்வெட்டி ‘டங்’ என்று எதிலாவது மோதும். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு விழுந்து புதைந்த ஓக் மரம்! காற்றுப் புகாத சேற்றில் கிடந்ததால் அது மக்காமல், கருமையேறி இறுகியிருக்கும். விவசாயிக்கு அது தொல்லை. மெக்நாலிக்கோ அதுதான் விருப்பமான பொருள். உளி இறங்க அடம்பிடிக்கும் அந்த மரத்தில் அவர் உருவங்களைச் செதுக்கினார். வெண்கலத்திலும் வார்த்தார்.

ஈஸ்ட் கோஸ்ட் சாலையில் உள்ள செயின்ட் பேட்ரிக்ஸ் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்து 1982இல் அவர் ஓய்வு பெற்றார். ஊருக்குத் திரும்பிச் சிற்பம் செதுக்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவரோ இரண்டு ஆண்டுகளில், அதாவது 1984இல், அதே பள்ளி வளாகத்தில் ஒரு கலை நிலையத்தைத் தொடங்கினார். அன்றைய சிங்கப்பூரை நினைத்துப் பார்த்தால்தான் அந்தத் துணிச்சல் புரியும். நாடு விடுதலை பெற்று இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை. தொழிற்சாலைகள் பெருகின, பொறியாளர்களும் கணக்காளர்களும் தேவைப்பட்டார்கள். “ஓவியம் சோறு போடுமா?” என்ற கேள்வி எந்த வீட்டில்தான் எழவில்லை? தமிழ்க் குடும்பங்களும் அதற்கு விலக்கில்லை. பெற்றோரைக் குறை சொல்லவும் முடியாது. வறுமையைப் பார்த்தவர்கள் அவர்கள். அந்தக் கேள்விக்கு மெக்நாலியிடமும் உறுதியான விடை இருந்திருக்க முடியாது. கலையில் நாட்டம் உள்ள பிள்ளைக்கு ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். அதற்காக அறுபது வயதைக் கடந்த ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டியவை நிறைய இருந்தன. நன்கொடை கேட்க வேண்டும். இடம் தேட வேண்டும். அதிகாரிகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். தலைமையாசிரியர் நாற்காலியில் இருந்தவருக்கு, பிறர் கதவைத் தட்டி நிற்பது எளிதாக வந்திருக்காது.

நிலையம் வளர்ந்தது. லாசால் என்ற பெயரைப் பெற்றது. மெக்நாலி 1985இல் சிங்கப்பூர்க் குடிமகனானார். கல்லூரி 1992இல் குட்மன் சாலைக்கு இடம் மாறியது. எழுபது வயதைத் தாண்டியும் அவர் அதன் பொறுப்பில் இருந்தார். கூடவே உளியையும் விடவில்லை.

இன்று வாழ்நாள் கற்றல் என்பது எல்லாரும் அறிந்த சொல். ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டத்தில் 25 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்குப் பயிற்சிக்காக 500 வெள்ளி வழங்கப்பட்டபோது, வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே பாட்டிகளும் மாமாக்களும் எந்த வகுப்பில் சேரலாம் என்று பேசிக்கொண்டார்கள். மெக்நாலி தம் கலை நிலையத்தைத் திறந்தபோது இப்படிப்பட்ட திட்டம் எதுவும் கிடையாது.

அவர் 2002ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அயர்லாந்தில் காலமானார். ரோச்சோர் பகுதியில் கல்லூரியின் புதிய வளாகம் 2007இல்தான் திறக்கப்பட்டது. அதை அவர் பார்க்கவில்லை. லாசால் இன்று நன்யாங் நுண்கலைக் கழகத்துடன் சேர்ந்து சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாக இருக்கிறது. மாலை வேளையில், தோளில் நீண்ட வரைபடக் குழாயை மாட்டிக்கொண்டு, விரல்களில் வண்ணம் காயாத மாணவர்கள் மெக்நாலி தெருவிலிருந்து கால்வாயைக் கடந்து தேக்காவுக்குச் சாப்பிட வருவார்கள். பரோட்டாக் கடையில் வரிசை நீளமாக இருந்தால், நின்றபடியே கையிலுள்ள குறிப்பேட்டைத் திறந்து, முன்னால் நிற்பவரின் முதுகை வரையத் தொடங்கிவிடுவார்கள்.