சம்பா கோயில் நிழலில்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் இருப்புப் பாதை 1879ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் என்று நாற்பது கிலோ மீட்டருக்கும் குறைந்த தொலைவுதான். திண்டிவனத்தில் குடியிருக்கும் நமக்குப் புதுவை செல்ல இது நேர்வழியன்று. கிளியனூர் வழியே பேருந்தில் சென்றால் ஒரு மணி நேரத்தில் கடற்கரைக் காற்றை நுகர்ந்துவிடலாம். ஆயினும் இம்முறை விழுப்புரம் சுற்றியே சென்றோம். காரணம், விழுப்புரத்தில் வாழும் எம் மாமியார்.

எண்பது வயதைக் கடந்த அவர், சிறுமியாயிருந்தபோது இதே பாதையில் புதுவைக்குச் சென்று வந்தவர். அவருடைய மூத்த சகோதரி முல்லா வீதியில் வாழ்க்கைப்பட்டிருந்தார். 1949ஆம் ஆண்டிலிருந்து இந்தியாவுக்கும் பிரெஞ்சுப் புதுவைக்கும் இடையே சுங்க எல்லை விழுந்துவிட்டமையால், அக்கா கொடுத்தனுப்பும் சோப்புக் கட்டிக்கும் கணக்குச் சொல்ல வேண்டியிருந்ததாம். கண் மங்குவதற்கு முன் அந்த வீட்டை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அவரது விருப்பம். மக்களுக்கோ பிரெஞ்சு நகரத்தையும் அதன் பெரிய தேவாலயத்தையும் காண ஆவல்.

வழிகாட்டி எவரையும் நாம் அமர்த்திக் கொள்ளவில்லை. அது சிக்கனமா, செருக்கா என்று எம் துணைவியார் வினவினார். இரண்டும்தான். ஆயினும் புதுவையில் வழி தவறுவது கடினம். 1693 முதல் 1699 வரை ஊரைக் கைப்பற்றி வைத்திருந்த ஒல்லாந்தர் வகுத்த நேர் வீதிகள், பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்த பின்னும் நிலைத்துவிட்டன. சதுரங்கப் பலகைபோல் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் அவ்வீதிகளில் கடல் எப்புறம் என்று தெரிந்தால் போதும்.

அப்படியிருந்தும் தொடக்கத்திலேயே பிழை நேர்ந்தது. புகைவண்டி நிலையத்தை விட்டு வெளிவந்ததும், கூரிய கோபுரங்களோடு நின்ற திரு இருதய ஆலயத்தைக் கண்டு, "இதுதான் அத்தா, பெரிய கோயில்!" என்று கூவினான் மகன். நாமும் தலையசைத்துவிட்டோம். அது 1907இல் கட்டி முடிக்கப்பெற்றது, பேராயரின் தலைமைக் கோயில் மிஷன் வீதியில் இருக்கிறது என்று ஆட்டோ ஓட்டுநர் திருத்தினார். வழிகாட்டி வேண்டாம் என்றவருக்கு வழிகாட்டி எங்கிருந்தாவது வந்துவிடுகிறார்!

மிஷன் வீதிக் கோயிலை மக்கள் சம்பா கோயில் என்கின்றனர். புனித பவுலின் பெயரான 'சேன் போல்' என்பது தமிழ் நாவில் உருண்டு சம்பாவாயிற்று. இன்றுள்ள கட்டடம் 1770இல் தொடங்கி 1791இல் நிறைவுற்றது. அதற்கு முன்னிருந்த கோயிலை 1761இல் நகரைப் பிடித்த ஆங்கிலேயர் கோட்டையோடும் மாளிகைகளோடும் சேர்த்துத் தரைமட்டமாக்கினர். இடித்தவர்களும் கிறிஸ்தவர்களே என்பதை மக்களால் நம்ப முடியவில்லை.

உள்ளே செல்வதா என்று சற்றுத் தயங்கினோம். மாமியார் தயங்கவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பின்வரிசை பெஞ்சு ஒன்றில் போய் அமர்ந்தார். உயர்ந்த வளைவுகளும் அமைதியுமாக உள்ளே குளிர்ந்திருந்தது. சற்று நேரம் இருந்துவிட்டு வெளியே வந்து முற்றத்து நிழலில் உட்கார்ந்தோம். அங்கேதான், வழிகாட்டிகள் பெரும்பாலும் கூறாத கதையை மக்களுக்குக் கூறத் தொடங்கினோம்.

இந்த ஊரில் பிரெஞ்சு வணிகர் காலூன்ற இடமளித்தவர் ஷேர்கான் லோதி. பீஜப்பூர் சுல்தானின் ஆளுநராக வாலிகொண்டபுரத்திலிருந்து ஆட்சி செலுத்தியவர். 1673இல் அவர் தந்த இசைவின் மேல்தான் பிரான்சுவா மர்த்தேன் இந்நகரை எழுப்பினார். நன்றிக் கடன் போலும், 1740இல் ஆர்க்காட்டு நவாபு தோஸ்து அலிகான் மராத்தியரோடு பொருது மாண்டபோது அவர் குடும்பத்தார்க்குப் புதுவைக் கோட்டை அடைக்கலம் தந்தது. மராத்தியர் மிரட்டியும் ஆளுநர் துய்மா அவர்களை ஒப்படைக்கவில்லை.

இதுவரை கதை இனிப்பானதுதான். எட்டே ஆண்டுகளில் அது கசந்தது.

1748 செப்டம்பர். ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டிருந்த நேரம். ஆளுநர் துய்ப்ளே. நாம் அமர்ந்திருந்த இதே கோயிலை ஒட்டி அன்று வேதபுரீசுவரர் கோயில் இருந்தது. அதை அகற்ற வேண்டும் என்று பாதிரியார்கள் நெடுங்காலமாகக் கேட்டு வந்தனர். துய்ப்ளேயின் மனைவியும் அதில் முனைப்பாயிருந்தார். முற்றுகையின் குழப்பத்தில் கோயில் இடிக்கப்பட்டது. இதை நாள் தவறாமல் எழுதி வைத்தவர் ஆளுநரின் துபாஷியாயிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை அவர் தமிழில் எழுதிய நாட்குறிப்பு இல்லையேல் அந்த நாளின் அழுகுரல் நம் செவிக்கு எட்டியிராது. ஊர்ப் பெரியவர்கள் முறையிட்டும் பயனில்லை. அத்துணைச் செல்வாக்குள்ள பிள்ளையாலும் தடுக்க இயலவில்லை.

அதே நாட்குறிப்பு இன்னொன்றும் கூறுகிறது. பள்ளிவாசல் ஒன்றையும் இடிக்க ஆணை பிறந்தது. சிப்பாய்ப் படைத்தலைவர் அப்துர் ரஹ்மான் ஆளுநரிடம் நேரே சென்றார். பள்ளியில் கை வைத்தால் சிப்பாய் ஒருவனும் மிஞ்சமாட்டான், இடிக்க வருவோர் மேல் பாய்ந்து அங்கேயே மடிவார்கள் என்றார். ஆணை திரும்பப் பெறப்பட்டது.

"நம்ம ஆளு ஜெயிச்சுட்டாரு!" என்று மகன் துள்ளிக் குதித்தான். உண்மையை மறைப்பானேன், நூலில் முதன்முறை அந்தப் பக்கத்தைப் படித்தபோது நம் நெஞ்சும் அப்படித்தான் விம்மியது. பலமுறை மேடையில் கூறிக் கைதட்டலும் பெற்றிருக்கிறோம்.

மாமியார் மட்டும் புன்னகைக்கவில்லை. "அந்தக் கோயிலுக்காக அவரு ஒரு வார்த்தை சொன்னாரா, மாப்பிள்ளை?" என்றார்.

நாம் ஏதேதோ கூறினோம். அவர் சம்பளத்துக்குப் படை நடத்தியவர். பகைவன் வாயிலில் நின்ற நேரம். தம் பள்ளியைக் காத்ததே அரிது. எல்லாம் நியாயமான விடைகளே. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"உமர் கலீஃபா ஜெருசலத்துல சர்ச்சுக்குள்ள தொழாம வெளியே வந்துட்டாங்க, நாம தொழுதா பின்னால வர்றவங்க அந்த இடத்தை எடுத்துக்குவாங்கன்னு சொன்னாங்கன்னு பயான்ல கேட்டிருக்கேன். அதனாலதான் கேட்டேன்," என்றார்.

மகள் கோயிலையும் நன்னியையும் மாறி மாறிப் பார்த்தாள். எமக்கு வாய் எழவில்லை. மேடையில் இக்கேள்வியை எவரும் கேட்டதில்லை. கேட்கக்கூடிய இடத்தில் நாமும் கதையை நிறுத்தியதில்லை. கைதட்டல் எழும் வரியில்தான் நிறுத்தியிருக்கிறோம்.

பிறகு தெற்கே முல்லா வீதிக்குச் சென்றோம். பெரியம்மா வாழ்ந்த வீடு இருந்த இடத்தில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று நின்றது. மாமியார் கலங்கிவிடுவாரோ என்று அஞ்சினோம். அவர் எதிர்வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, கிணறு எங்கிருந்தது, மாதுளை எங்கிருந்தது என்று மகளுக்குக் கையால் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அவ்வீட்டு அம்மாள் யாரென்று கேளாமலே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குத்பா பள்ளியில் லுஹர் தொழுதுவிட்டு நாமும் மகனும் திரும்பினோம்.

கடற்கரை, காந்தி சிலை, ஆயி மண்டபம் என்று மக்கள் பட்டியல் வைத்திருந்தனர். அதற்கு முன் ஓரிடம் போக வேண்டும் என்றார் மாமியார். இடிக்கப்பட்ட கோயிலைப் பின்னர் வேறிடத்தில் கட்டினார்கள், ஈசுவரன் கோயில் வீதி என்றே வீதிக்குப் பெயர் என்று நாம் முற்றத்தில் கூறியதை அவர் மறக்கவில்லை.

ஆட்டோ அங்கே நின்றபோது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. நடை சாத்தியிருந்தது. வாயிலோரம் பூக்கட்டிக் கொண்டிருந்த பெண், "நாலு மணிக்கு மேலதான் திறப்பாங்க, பாட்டி," என்றாள்.

"உள்ள போக வரலைம்மா. நல்லா இருக்கான்னு பார்க்க வந்தேன்," என்றார் மாமியார்.

மகன் ஆட்டோவிலிருந்து இறங்கி, கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.