புக்கும் ஃபுட்பானும்

தாய்லாந்தில் யாரும் ஃபுட்பால் ஆடுவதில்லை. ஃபுட்பான்தான் ஆடுகிறார்கள். ஆப்பிள் அங்கே எப்பன். பாங்காக்கில் சென்ட்ரல் என்று கட்டடம் முழுக்க எழுதிய மாலுக்கு டாக்சியில் போகவேண்டுமென்றால் 'சென்தன்' என்று சொல்லவேண்டும். திருத்தமான ஆங்கிலத்தில் சொன்னால் டிரைவர் கண்ணாடி வழியாக நம்மை ஒருமுறை பார்ப்பார், அவ்வளவுதான்.

காரணம் எளிது. தாய் மொழியில் (தாய்மொழி இல்லை, தாய் மொழி, இந்த ஒரு இடைவெளியை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு தனிக்கதை) மெய்யில் முடிகிற சொல் க், த், ப், ங், ன், ம், ய், வ் என்ற எட்டு ஒலிகளில் ஒன்றில்தான் முடியமுடியும். கடைசியில் ல் வந்தாலும் ர் வந்தாலும் ன் ஆகிவிடும். ஸ் வந்தால் த் ஆகும். ஆகவே பஸ் 'பத்'.

சிரிக்கவேண்டாம். நம் கதை என்ன? சொல்லின் இறுதியில் வரக்கூடிய மெய்கள் என்று தொல்காப்பியம் பதினொன்றைச் சொல்கிறது. அதில் மெல்லினம் உண்டு, இடையினம் உண்டு, வல்லினம் ஒன்றுகூடக் கிடையாது. அதனால்தான் புக் நம் வாயில் 'புக்கு' ஆகிறது, பேட் 'பேட்டு' ஆகிறது. அந்த உகரம் இல்லாமல் நம்மால் மூச்சை நிறுத்தமுடியாது. தாய்க்காரர்கள் க், த், ப் என்று கத்தியால் வெட்டினதுபோல் முடிப்பார்கள். ல், ர் வராது. நமக்கு ல், ர் தேன் மாதிரி வரும். க், ட், ப் வராது. ஒரு வகுப்பறையில் நான் 'புக்கு' என்பேன், எதிரில் நாற்பது பேர் 'ஃபுட்பான்' என்பார்கள். இந்த இரண்டு தரப்பும் சேர்ந்து யாரோ மூன்றாவது ஆளின் பாஷையைப் படித்துக்கொண்டிருந்தோம்.

அதற்கு முன்னால் பாங்காக்கில் நான்கு வாரம் செல்டா முடித்திருந்தேன். கேம்பிரிட்ஜின் ஆங்கில ஆசிரியர் சான்றிதழ். 120 மணி நேரப் பாடம், அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்கள் முன்னால் நின்று நடத்தவேண்டும், நான்கு எழுத்துப் பணிகள். கேட்க எளிதாக இருக்கும். நான்கு வாரமும் நான் சரியாகத் தூங்கவில்லை. சும்மா சொல்லக்கூடாது, நல்ல படிப்பு. ஆசிரியர் பேசுவதைக் குறை, மாணவரைப் பேசவிடு, 'புரிஞ்சுதா?' என்று ஒருபோதும் கேட்காதே, புரிந்ததா என்று தெரியவருகிற கேள்வியைக் கேள். 'ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ' என்று சொல்லிக்கொடுத்தால், 'சாவி இப்போ கையில இருக்கா?', 'எப்போ தொலைஞ்சதுன்னு நமக்குத் தெரியுமா?' என்று கேட்கவேண்டும். இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால் பாடம் உள்ளே போயிருக்கிறது. என் ஊர்ப் பள்ளியில் 'புரிஞ்சுதா?' என்ற கேள்விக்கு 'புரிஞ்சுது சார்' என்று கோரஸ் பாடியே பன்னிரண்டு வருஷம் ஓட்டியவர்கள் நாங்கள்.

கூடப் படித்தவர்களில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் தாய்மொழி. பிரசன்ட் பெர்ஃபெக்ட் எங்கே வரும், பாஸ்ட் சிம்பிள் எங்கே வரும் என்று கேட்டால் 'காதுக்கு அப்படித்தான் சரியா இருக்கு' என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மை. ஆனால் மாணவனுக்கு அந்தக் காது இல்லையே. எனக்கு ரென் அண்ட் மார்ட்டின் இருந்தது. இரவு பத்து மணிக்கு விடுதி வராந்தாவில் உட்கார்ந்து அவர்களுக்கு அவர்கள் மொழியின் இலக்கணத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மறுநாள் என் மதிப்பீட்டுத் தாளில் 'சொல்லின் கடைசியில் ஒரு உயிரொலி சேர்க்கிறீர்கள்' என்று குறிப்பு வரும். அவர்களுடைய தாளில் 'இலக்கண விளக்கம் தெளிவு' என்று வரும்.

மே நடுவில் அங்கே பள்ளி திறக்கும். எனக்குப் பயிற்சி ஆசிரியராக இடம் கிடைத்த ஊர் கோராட். முழுப்பெயர் நகோன் ராட்சசீமா. ரயில் நிலையப் பலகையை நான்கு தடவை வாய்விட்டுப் படித்தபிறகு எனக்கு உறைத்தது: நகர, ராஜ, சீமா. நகரத்தின் ர-தான் சொல் கடைசிக்கு வந்ததும் ன் ஆகியிருக்கிறது. அதே விதிப்படி ஆசாரியர் 'ஆஜான்' ஆகியிருக்கிறார். கல்லூரி ஆசிரியரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பள்ளி ஆசிரியர் 'க்ரூ', குருதான் அது. திருவெம்பாவைக்கும் தாய்லாந்துக்கும் உள்ள உறவை எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் அந்தப் பக்கம் போகவில்லை. எனக்குப் பட்டது வேறு. சமஸ்கிருதம் வந்தபோது அதை என்ன செய்தார்களோ, ஆங்கிலம் வந்தபோதும் அதையேதான் செய்கிறார்கள். 'நகோன்' என்றால் நாகரிகம், 'ஃபுட்பான்' என்றால் உச்சரிப்புக் கோளாறா?

ஜூனில் ஒரு வியாழக்கிழமை 'வை க்ரூ' நடந்தது. குருவுக்கு வணக்கம். அவர்களுக்கும் குருவின் நாள் வியாழன்தான். மாணவர்கள் தட்டில் கொண்டுவருகிற பொருட்களைப் பார்த்துவிட்டு நான் மேடை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இட்லிப்பூ, அறிவு ஊசிபோல் கூர்மையாகட்டும் என்று. அருகம்புல், படிப்பு அதுபோல் படரட்டும் என்று. கத்தரிப்பூ, அது தலை கவிழ்ந்து பூக்கும், பணிவுக்கு. நெற்பொரி, ஒழுக்கத்துக்கு. பக்கத்தில் இருந்த தாய் ஆசிரியை என் முகத்தைப் பார்த்து, 'உங்க ஊர்லயும் இதெல்லாம் இருக்கா?' என்றார். பிள்ளையார் சதுர்த்தி பற்றி ஆரம்பித்தேன், மைக்கில் யாரோ பேச ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் வரிசையில் இருந்த இங்கிலாந்துக்காரருக்குக் கத்தரிப்பூ என்றால் என்னவென்றே தெரியவில்லை. நல்ல மனிதர். நான் அவருடைய உதவியாளர்.

மத்தயோம் இரண்டு, நம் எட்டாம் வகுப்பு. அவருக்குக் காய்ச்சல், பாடம் என் தலையில். அன்றைக்கு பிரசன்ட் பெர்ஃபெக்ட். தாய் மொழியில் வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப மாறவே மாறாது. நேற்று, நாளை என்று பக்கத்தில் ஒரு சொல்லை வைத்தால் முடிந்தது. அவர்களிடம் ஹேவ், ஹேட், பாஸ்ட் பார்ட்டிசிபிள் என்று மூன்று கட்டம் போட்ட அட்டவணையைத் தூக்கிக் காட்டினால் என்ன ஆகும்? எனக்கு எட்டாம் வகுப்பில் ஆனதுதான் ஆகும்.

போர்டில் ஒன்றும் எழுதாமல் முன் பெஞ்சுப் பையனிடம் கேட்டேன்: 'கின் காவ் ரூ யாங்?'

வகுப்பே சிரித்தது. அது அவர்கள் ஊர் 'சாப்டாச்சா?'. வார்த்தைக்கு வார்த்தை, சோறு சாப்பிட்டாயா இல்லை இன்னும் இல்லையா. வணக்கம் சொல்வதற்குப் பதிலாகக் கேட்பார்கள். பையன் 'கின் லேவ்' என்றான். சாப்டாச்சு. அடுத்தவள் 'யாங்' என்றாள். இன்னும் இல்ல. அதற்கப்புறம்தான் போர்டுக்குப் போனேன். 'யாங்' இருந்த இடத்தில் யெட். 'லேவ்' இருந்த இடத்தில் ஆல்ரெடி. ஹேவ் யூ ஈட்டன் யெட்? எப்போது சாப்பிட்டாய் என்று யாரும் கேட்கவில்லை, இப்போது வயிறு நிறைந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. 'மணி எத்தனைக்குன்னு கேட்டேனா?' என்றேன். 'மாய்' என்று நாற்பது குரல். இல்லை என்று பொருள்.

அந்தப் பீரியடில் அவர்கள் ஒருவரையொருவர் கேட்டுத் தீர்த்தார்கள். வீட்டுப்பாடம் பண்ணியாச்சா, பல் தேய்ச்சாச்சா, அவளுக்கு மெசேஜ் அனுப்பியாச்சா. இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒருவன் காது சிவந்து 'நாத் யெத்' என்றான். நாட் யெட்தான். இலக்கணப்படி அணுவளவும் பிசகில்லாத பதில்.

என் பள்ளியில் இந்தப் பாடம் நடந்தபோது, இதற்கும் எங்கள் தெருவில் தினம் கேட்கிற 'சாப்டாச்சா'வுக்கும் சம்பந்தம் உண்டு என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஆனால் அந்த வகுப்புச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: இந்த அறையில் தாய் பேசக்கூடாது. இதற்கும் ஒரு வம்சாவளி உண்டு. 1961-இல் உகாண்டாவின் மக்கரேரேயில் காமன்வெல்த் நாடுகளின் ஆங்கிலக் கல்வி மாநாடு ஒன்று நடந்தது. ஆங்கிலத்தை ஆங்கிலத்தில் மட்டுமே கற்பிக்கவேண்டும், அதைத் தாய்மொழியாகக் கொண்டவர் கற்பிப்பதே சிறப்பு என்பதுபோன்ற நம்பிக்கைகளுக்கு அங்கே ஓர் உருவம் கிடைத்தது. 1992-இல் ராபர்ட் ஃபிலிப்சன் தன் புத்தகத்தில் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பொய்நம்பிக்கை என்று பெயரிட்டார். அவரும் பிரிட்டன்காரர்தான். அதைவிட எனக்கு நெருக்கமாக வந்தது சுரேஷ் கனகராஜா 1999-இல் எழுதியது. போர்க்காலத்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். அமெரிக்கப் பாடநூலின் ஓரங்களில் தன் மாணவர்கள் கிறுக்கியவற்றை அவர் உட்கார்ந்து படித்தார். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள் அந்த ஓரத்தில் பேசியிருந்தார்கள். கோராட்-பாங்காக் பஸ்ஸில் அதைப் படித்தேன். திரும்பி வந்ததும் என் பிள்ளைகளின் புத்தகங்களை வாங்கிப் பார்த்தேன். ஆங்கில வரிக்குக் கீழே பென்சிலில், பொடிப்பொடியாக, தாய் எழுத்தில் ஆங்கில உச்சரிப்பு. அந்தப் பேச்சுத் தடை அறிவிப்பு பென்சில்களை எட்டவில்லை.

அங்கே வேலை விளம்பரம் படித்தவர்களுக்குத் தெரியும், 'நேட்டிவ் ஸ்பீக்கர்' என்ற சொல் முதல் வரியிலேயே நிற்கும். மற்றவர்களிடம் டோயிக் மதிப்பெண் கேட்பார்கள். என் சம்பளம் அவருடையதில் பாதிக்குச் சற்று மேல். வெள்ளைக்காரர் 'ஃபராங்', நான் 'கேக்'. கேக் என்றால் விருந்தாளி; நம்மூர் ஆட்களையும் அப்படித்தான் சொல்வார்கள். சொல்கிற குரலைப் பொறுத்து அதில் மரியாதை கூடும், குறையும். பெற்றோர் தினத்தன்று ஒரு அம்மா என்னைக் கடந்துபோய் ஆபீசில் கேட்டார்: ஃபராங் டீச்சர் எங்கே? கோபம் வரவில்லை என்று எழுதினால் பொய். ஆனால் என் ஊரில் பிள்ளையை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்க விடிகாலையில் வரிசையில் நிற்கிற அம்மாக்களை எனக்குத் தெரியும். கடன் வாங்கிக் கட்டுகிற பணம். அந்த அம்மா கேட்டது என் தோலைப் பற்றி மட்டுமில்லை, தன் பணத்தைப் பற்றியும்தான்.

பிப்ரவரியில் பள்ளி முதல்வர் கூப்பிட்டார். அடுத்த வருடமும் இருங்கள், அதே பதவி, அதே சம்பளம். நான் இரண்டு கேட்டேன்: மத்தயோம் இரண்டு என் பெயரில் வேண்டும், சுவரில் இருக்கிற தாள் வேண்டாம். அவர் சிரித்தார். தாய்லாந்தில் சிரிப்புக்குப் பல அர்த்தம் உண்டு, மறுப்பு அதில் ஒன்று. சம்பளத்தைப் பற்றி நாங்கள் இருவருமே பேசவில்லை.

மார்ச்சில் புதிய கால அட்டவணை ஒட்டினார்கள். தாள் இன்னும் சுவரிலேயே இருந்தது. மத்தயோம் இரண்டு, மூன்றாவது பிரிவுக்கு நேராகத் தாய் எழுத்தில் என் பெயர். என் பெயர் ல்-இல் முடியும். அவர்கள் எழுத்தில் ல் உண்டு, ஃபுட்பாலையும் ல் போட்டுத்தான் எழுதுவார்கள், படிக்கும்போதுதான் ன். அலுவலக அக்கா சரியாக ல் போட்டிருந்தார். கீழே நின்ற பையன் ஒருவன் விரலை வைத்து வாய்விட்டுப் படித்தான், ன்-இல் முடித்தான், திரும்பி என்னைப் பார்த்து, 'டீச்சா, கின் காவ் ரூ யாங்?' என்றான்.

'யாங்' என்றேன். உண்மையிலேயே பசித்தது.