சீனாக்கத்தி

'சீனாக்கத்தி' என்று சொன்னாலே கேட்பவர் உதட்டில் ஒரு சிரிப்பு வந்துவிடுகிறது. கத்தியைக் கையில் வாங்கிப் பார்த்திருக்க மாட்டார். திறந்து மூடியிருக்க மாட்டார். எங்கே செஞ்சதுன்னு தெரிஞ்சாப் போதும், எப்படிப்பட்டதுன்னு அவருக்குத் தெரிஞ்சிடும். பிறந்த இடத்தைக் கேட்டே ஒன்றின் யோக்கியதையை முடிவு கட்டுகிற இந்தப் பழக்கம் நமக்குப் புதிதா என்ன? அதனால்தான் இந்தச் சின்ன விஷயத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

நான் சொல்வது மடக்குக் கத்தியை. பட்டனைத் தட்டினால் பாய்கிற சினிமாக் கத்தி இல்லை இது. அலகில் இருக்கிற சின்னப் பள்ளத்தில் நகத்தை வைத்து இழுத்துத் திறக்க வேண்டும். பிடியின் முதுகில் ஒரு ஸ்பிரிங் பட்டை. அதன் அழுத்தம்தான் அலகை நிறுத்தி வைக்கிறது, வேறு பூட்டு கிடையாது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் ஜெர்மனியின் சோலிங்கனிலும் பிறகு அமெரிக்காவிலும் குடியானவனுக்கும் மாட்டுக்காரனுக்கும் என்று செய்துவந்த உருவங்கள். பார்லோ, ஸ்டாக்மேன் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. ஸ்டாக்மேன் மாட்டுக்காரன் கத்தி. மூன்று அலகு, அதில் ஒன்று காளைக்கன்றுக்குக் காயடிக்க. இன்று இதே உருவங்களைச் சீனாவில் செய்கிறார்கள். குவாங்டாங் மாகாணத்து யாங்ஜியாங் இந்தத் தொழிலுக்குப் பேர்போன ஊர். அமெரிக்கக் கடையிலும் அதுதான் மலிவுக் கத்தி, நம்ம பாரிமுனைப் பிளாட்பாரத்திலும் அதுதான் மலிவுக் கத்தி.

என் அண்ணன் பெரியமேட்டில் தோல் பை தைக்கிற ஒரு பட்டறையில் வேலை செய்கிறார். பீஸ் கணக்குக் கூலி. நூல் அறுக்க, ஓரம் சீவ, ஒட்டின பசையைச் சுரண்ட அவரும் கூட இருக்கிறவர்களும் வாங்குவது இந்தக் கத்திதான். முந்நூறு ரூபாய்க்கு மேல் போனால் அவர்களுக்குக் கட்டாது. சோலிங்கன் கத்தி வாங்கு என்று அவர்களுக்கு யோசனை சொல்கிறவர் பணத்தையும் சேர்த்துக் கொடுக்கட்டும்.

இன்றைக்குச் சோலிங்கன் என்றால் கத்தியில் அது மேல்சாதி. ஆனால் அதுவும் ஒரு காலத்தில் சிரிப்புக்கு இடமாயிருந்த ஊர்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கிருந்து மலிவுக் கத்திகள் வந்து குவிந்தன. சிலவற்றில் ஷெஃபீல்டு பெயரையே குத்தி விற்றார்கள். ஷெஃபீல்டு முதலாளிகள் கூச்சல் போட்டார்கள். 1887இல் பிரிட்டன் வணிகக் குறிச் சட்டம் கொண்டுவந்தது. பிரிட்டிஷ் சரக்கு மாதிரி பெயர் தாங்கிவரும் அந்நியச் சரக்கு, தான் எந்த நாட்டில் பிறந்தது என்று மேலே காட்டியாக வேண்டும். 'மேட் இன் ஜெர்மனி' என்பது இது மட்டமான சரக்கு, ஜாக்கிரதை என்பதற்காகப் போட வைத்த சூடு. கொஞ்ச காலத்திலேயே அந்தச் சூடு பதக்கமாக மாறிப்போனது. 1938இல் சோலிங்கன் என்ற பெயரை வேறு யாரும் போட்டுக்கொள்ளக் கூடாதென்று ஜெர்மனியிலேயே சட்டம் வந்தது.

கத்திக்கு ஐம்பது வருசத்தில் சூடு பதக்கமாகிவிட்டது. நான் தமிழ் எம்.ஏ. படித்த கல்லூரியில், ஊர் பெயரைச் சொன்னால் "அதுல எந்தப் பக்கம்?" என்று அடுத்த கேள்வி வந்தது. சங்கப் பாடலில் வரும் துடியனையும் பாணனையும் பற்றி ஒரு மணி நேரம் உருகிப் பாடம் நடத்திவிட்டு வந்து கேட்ட கேள்வி அது.

உயர்ந்த கத்தி என்கிறார்களே, அது யார் நுரையீரலில் உயர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஷெஃபீல்டில் உலர்ந்த கல்லில் சாணை பிடித்தவர்களின் சராசரி ஆயுள் முப்பத்தைந்தைத் தொடுவதே அரிது என்று, அந்த ஊர் மருத்துவர் ஒருவரைச் சுட்டி எங்கெல்ஸ் 1845இல் எழுதினார். கல்தூசியும் இரும்புத்தூசியும் உள்ளே போய் இருமி இருமிச் செத்தார்கள். கத்தியில் முதலாளி பெயர் இருந்தது. சாணைக்காரன் பெயர் இல்லை.

சரி, தரத்துக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பட்டறைக்கென்று வாங்கின அஞ்சு கத்தியை எடுத்துக்கொண்டு பேரணாம்பட்டுக்கு வந்தார். ஐந்தும் ஒரே பெட்டியில் வந்தவை, ஒரே உருவம், ஒரே விலை. எங்க நைனா முப்பத்தோரு வருசம் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். சுண்ணாம்பிலும் குரோமியத்திலும் வெந்துபோன கை. ஆனால் கத்தியின் விஷயத்தில் அந்தக் கைக்குத் தெரிந்தது எந்த முத்திரைக்கும் தெரியாது.

முதலில் மூடின கத்தியைத்தான் பார்த்தார். "மூடி இருக்கறப்ப மூக்கு வெளிய நீட்டிக்கினு இருக்கக் கூடாது. பையில கைய வுட்டா குத்தும்" என்றார். ஒன்றில் அலகு ஒருபக்கம் சாய்ந்து உள்தகட்டில் உரசியது. அதைத் தனியாக வைத்தார். பிறகு ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். முதுகுப் பட்டைக்கும் பக்கத்துத் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் கோடாகத் தெரிந்தால் பொருத்தம் சரியில்லை. அதற்குள் பசையும் ஈரமும் போய்த் துருப்பிடிக்கும். மூடியிருக்கும்போதும் திறந்திருக்கும்போதும் விரலால் முதுகைத் தடவினார். பட்டை தூக்கியும் இருக்கக்கூடாது, பள்ளமாயும் இருக்கக்கூடாது.

அப்புறம் காது. "இந்தா, கேளு" என்று என் காதருகே வைத்துத் திறந்தார். நல்ல ஸ்பிரிங் திறக்கும்போதும் டக் என்கும், மூடும்போதும் டக் என்கும். இவற்றில் பாதி மூடும்போது ஒரு இடத்தில் நின்று, பிறகு மூடியது. விரலை இழுத்துக்கொள்ள அது கொடுக்கிற நேரம். ஒரு கத்தி சத்தமே இல்லாமல் கொழகொழவென்று மடங்கியது. "இது ஆள வெட்டும்" என்றார் நைனா. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பூட்டில்லாத கத்தி, ஸ்பிரிங் தளர்ந்தால், அழுத்திச் சீவும்போது விரல் மேலேயே மூடிக்கொள்ளும். அண்ணன் பட்டறையில் ஒருத்தருக்கு ஆள்காட்டி விரல் நரம்பு அறுந்தது அப்படித்தான். இ.எஸ்.ஐ. கிடையாது, அன்றைக்குக் கூலியும் கிடையாது. மலிவுக் கத்தியின் தரம் என்று நான் பேசுவது இதைத்தான். பொழுதுபோக்குக்கு வாங்கி வைக்கிறவனுக்கு அது ஒரு குறை. எங்க ஆளுக்கு அது விரல்.

ஸ்பிரிங் ரொம்ப விறைப்பாக இருந்தாலும் நல்லதில்லை. நகம் பிய்ந்துபோகும். அலகின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்ப்பது இதற்கெல்லாம் பிறகு. ஆடினால் ஆணி சரியாக இறங்கவில்லை என்று அர்த்தம்.

இரும்பைப் பற்றி அலகில் பொறித்திருப்பதை நான் படித்துச் சொன்னேன். '440' என்று இருந்தது. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு எழுத்து வர வேண்டும். 440ஏ என்றால் கரி முக்கால் சதவீதத்துக்குள், 440சி என்றால் ஒரு சதவீதம் அளவுக்கு. எழுத்தே இல்லாத 440 எதையும் சொல்வதில்லை. வெறும் 'ஸ்டெயின்லெஸ்' என்பது அதைவிடக் குறைவாகச் சொல்கிறது. கரி 0.3 சதவீதமே உள்ள 3சிஆர்13 என்ற இரும்பும் ஸ்டெயின்லெஸ்தான். துருப்பிடிக்காது, பதமும் நிற்காது. நைனா கேட்டுக்கொண்டார், மறுக்கவில்லை. "இரும்பு எதுவா இருந்தா இன்னா, தோய்ச்சல் சரியா இருக்கணும்" என்றார். அதுவும் உண்மை. ஒரே இரும்பு, சூட்டில் ஏற்றி இறக்குகிற பக்குவத்தில் கண்ணாடி மாதிரி நொறுங்கவும் செய்யும், ஈயம் மாதிரி மடியவும் செய்யும்.

அதைப் பார்க்க அவரிடம் ஒரு வழி இருந்தது. கல்லில் தீட்டி, பிசிறை எடுத்துவிட்டு, பித்தளைக் கரண்டியின் காம்பில் கத்தி வாயைச் சாய்த்து லேசாக அழுத்தி நகர்த்தினார். வாய் மெல்ல வளைந்து, எடுத்ததும் பழையபடி நிமிர்ந்தால் நல்ல தோய்ச்சல். வளைந்தது வளைந்தபடியே நின்றால் மெத்து. பல் விழுந்தால் முறுக்கு. புதுக் கத்தியைத் தீட்டாமல் இப்படிப் பார்க்கக் கூடாது என்பார். கம்பெனியில் வேகமாக ஓடுகிற பட்டையில் கூர் வைக்கும்போது வாயோரம் சூடேறிப் பதம் போயிருக்கும். "ரெண்டு தரம் தீட்டு, அப்பாலே பேசு." மூன்று கத்தி தேறியது. உரசினதும் கொழகொழத்ததும் தேறவில்லை. ஒரே பெட்டி, ஒரே ஊர் என்று எழுதியிருந்தேனே, ஞாபகமிருக்கட்டும்.

தேறின மூன்றிலும் பிடி எலும்பு. பிளாஸ்டிக்கா எலும்பா என்று தெரிய, ஊசியைச் சுட்டு ஓரத்தில் வைத்தால் போதும். எலும்பென்றால் முடி கருகின நாற்றம் வரும். உற்றுப் பார்த்தால் பொடிப்பொடியாய்க் கரும்புள்ளிகளும் தெரியும். மாட்டெலும்பு. வேகவைத்து, வெளுத்து, சாயம் ஏற்றி, வரிவரியாய்க் கீறி மெருகு போட்டது. வெளிநாட்டுச் சேகரிப்பாளன் அந்த வரிகளின் அழகைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறான். நம்மூர்க் கனவானும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போவான், தீட்டில்லை. செத்த மாட்டைத் தூக்கினவன், தோலை உரித்தவன், எலும்பைப் பொறுக்கினவன்தான் தீட்டு. 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக நம் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்களே, அந்த மாட்டின் எலும்பும் ஏதாவது ஆலைக்குப் போயிருந்தால் சுத்தமாகியிருக்கும்.

பையில் இருப்பது யார் பை என்பதையும் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது. சில வருசங்களுக்கு முன் ராத்திரி வேலை முடிந்து வந்த அண்ணனைச் சோதனை போட்ட காவலர் ஒருவர் இந்தக் கத்தியை எடுத்தார். "எந்த ஏரியா?" என்பது முதல் கேள்வி. பதில் கேட்டதும் கத்தி ஆயுதமாகிவிட்டது. விடிய விடிய ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். ஆயுத விதிகள் உரிமம் கேட்பது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுக்கு. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் ஆன கத்தியை அந்த விதியே விலக்கி வைத்திருக்கிறது. அண்ணன் கத்தியின் அலகு 3 அங்குலம்கூட இல்லை. காலையில் நான் போய் விதியைச் சொன்னேன். "நீங்க வக்கீலா?" என்றார்கள். பட்டறை முதலாளி ஒரு வார்த்தை போனில் சொன்னதும் விட்டார்கள். ஆளை விட்டார்கள், கத்தியை விடவில்லை. அதிலிருந்து அண்ணன் கத்தியைப் பட்டறையிலேயே வைத்துவிட்டு வருகிறார். தோழர்கள் யாராவது தொழிற்கத்தி வைத்திருந்தால், வேலை அட்டையையும் கூடவே வைத்திருங்கள். அநியாயம்தான், ஆனாலும் வைத்திருங்கள்.

தேறாத இரண்டையும் அண்ணன் பிளாட்பாரக் கடைக்கே திரும்பக் கொண்டுபோனார். முந்நூறு ரூபாய்க் கத்திக்கு இவ்வளவு பார்ப்பியா என்று கடைக்காரர் முதலில் எகிறினாராம். அண்ணன் ஒன்றும் பேசாமல் இரண்டையும் அவர் காதருகே வைத்து மூடிக் காட்டியிருக்கிறார். மாற்றிக் கொடுத்துவிட்டு, "யாருப்பா பாத்தது?" என்று கேட்டாராம்.

"எங்க நைனா. தோல் ஷாப்புல இருந்தவரு."

"அடுத்த வாரம் புதுச் சரக்கு வருது. கூட்டிக்கினு வாயேன், பொறுக்கிக் குடுக்கட்டும்."

வீட்டுக்கு வந்து அண்ணன் இதைச் சொன்னபோது நைனா சாணைக்கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"கூலி இன்னா குடுப்பானாம், கேட்டியா?" என்றார்.